இஞ்சாரும்

ஞாபக மறதிக்காக மனைவி என்னை ஊர்காவற்றுறைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் கேட்டபோது சனாதிபதியின் பெயரைச் சொன்னேன். மனைவியின் பெயரைக் கேட்டபோது தடுமாறி நின்றுவிட்டேன். "மங்கையர்க்கரசி" என்று அவளே எடுத்துக்கொடுத்தாள்.

"கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து 'இஞ்சாரும்' எண்டுதான் கூப்பிடுறனான், டொக்டர். பேர் பாவிக்கிறேல்லை" என்று சமாளித்தேன்.

டொக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "இது முத்துமோ?"

"சொல்ல ஏலாது அக்கா. மற்றவையைவிட இவருக்கு டிமென்சியா வாற சாத்தியம் கூட. வராமலும் விடலாம். பிறஷரைக் கவனியுங்கோ, நல்லா நடக்கட்டும்."

வேறு யாருக்கோ சொன்னதுபோல் தலையாட்டினேன். பயம்கூட வரவில்லை.

பஸ்சுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்: "இனிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. பழகினா ஞாபகத்தில நிக்கும்."

"மங்கையர்க்கரசி."

"ஓம்" என்றாள், அந்நியருக்குச் சொல்வதுபோல.

தினமும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள்தான் இன்னமும் கொஞ்சம் தாமதித்தே திரும்பிப் பார்க்கிறாள்.