ஐந்தாம் அடுக்கில் ஒரு வெள்ளை உருண்டை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘உருண்டை அக்கா’ என்று பெயர். கோலிக்குண்டு அளவு பீங்கான் உருண்டைகளை நுரைப்பலகைக் குழிகளில் இம்மி பிசகாமல் பதிப்பது அவள் வேலை. அடுக்குக்கு நூறு, மொத்தம் ஒன்பது அடுக்கு. ஒரு பக்கமிருந்து நுண்ணலையை அனுப்பினால், சில அலைநீளங்கள் மட்டும் மறுபக்கம் போகவே போகாது. வந்த வழியே திரும்பிவிடும். அது தனி உருண்டையின் சாமர்த்தியம் இல்லை, வரிசையின் சாமர்த்தியம். ஒளிக்கும் இதே விதிதான். ஆனால் அதற்குத் தூசியைவிடச் சிறிய உருண்டை வேண்டும். அதைக் கையால் அடுக்க எந்த மகராசியாலும் ஆகாது. கணக்குப் போட்டவர்கள் படித்தவர்கள், மறுக்கவில்லை. அடுக்கியது யாராம்?

ஒருநாள், மறுபக்கம் வந்த அலையை அளந்து காட்டும் திரையில், அலையே போகக்கூடாத இடத்தில், ஊசிபோல ஒரு கோடு எழும்பி நின்றது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. புதிய கண்டுபிடிப்பு என்று மறுநாள் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வரும் நிபுணர் குழுவிடம் சொல்லப்போவதாக அறிவித்தும்விட்டார்.

காரணம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஐந்தாம் அடுக்கின் நடுவில் பதிக்கவேண்டிய உருண்டை கீழே விழுந்து உடைந்துபோக, அதே அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக் உருண்டை ஒன்றை வைத்திருந்தாள். தொள்ளாயிரத்தில் ஒன்றுதானே என்ற அலட்சியம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; நுண்ணலைக்கு அப்படியில்லை. வரிசை கெட்ட இடத்தில் அது வழி கண்டுபிடித்துக் கசிந்துவிட்டது. அவளுடைய ஒப்பந்தமோ அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் இதே பேராசிரியர்.

“யாருக்குத் தெரியப்போகுது? வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காதே” என்றான், அன்றிரவு விஷயத்தைக் கேட்ட கணவன்.

காலையில் குழு வருவதற்குள் அவள் போய் நின்றாள்.

“சார், அது கண்டுபிடிப்பு இல்ல. நான் பண்ணின தப்பு.”

அடுக்கைப் பிரித்து, இடுக்கியால் பிளாஸ்டிக்கை எடுத்துப் பீங்கானை வைத்தாள். மறுபடி அலையை அனுப்பியபோது கோடு காணாமல் போயிருந்தது. பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து குழுவை வரவேற்கப் போனார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து அன்று மதியமே விழுந்தது. ஆனால் அவள் கணவனிடம் முதலில் சொன்னது அதை அல்ல. அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அவளை அழைத்து நிறுத்திப் பேராசிரியர் சொன்னதை, அழுதுகொண்டே, வார்த்தை மாறாமல் சொன்னாள்:

“இன்னைக்கு உங்களுக்குக் காட்ட எங்ககிட்ட புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா இங்க இருந்து வர்ற எந்த அளவையும் கண்ண மூடிக்கிட்டு நம்பலாம். ஏன்னா, அடுக்குறது இவங்க.”