மச்சானுக்காகச் செய்த டேங்க்

சில வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்து மழை பிடிக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் திருவொற்றியூரில் நடந்தது இது. அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தால் வாசலில் ஓடுகிற மாதிரி ஏதாவது செய்து வைப்பது எங்கள் தெருப் பட்டறைகளின் வழக்கம். அந்த வருடம் நான் ரிமோட்டில் ஓடும் ராணுவ டேங்க் ஒன்று செய்தேன். முதுகில் பொரித் தட்டைச் சுமந்துகொண்டு அது வீடு வீடாகப் போய் நின்றது. தெருவே சிரித்தது. என் மனைவியின் தம்பி மட்டும் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்கும் காண்ட்ராக்டில் வேலை. ஆளைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அடைப்பு எங்கே என்று தெரியாவிட்டால் சட்டம் மேலேயே நின்றுகொள்ளும், இவன் இறங்குவான்.

“மாமா, இதுல லைட்டும் கேமராவும் கட்டி உள்ள வுட்டா, நான் எறங்கவே வாணாமே?” என்றான்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். பூஜைக்குப் போட்டது பொம்மை மோட்டார். வாசலில் சேற்றைக் கொட்டி ஓட்டியதும் அதன் பிளாஸ்டிக் பல்லெல்லாம் மழுங்கிப் போனது. மணலிப் பக்கம் பழைய லாரி உடைக்கும் இடத்தில் வைப்பர் மோட்டார் இரண்டு வாங்கி வந்தோம். வேகம் கிடையாது, ஆனால் நல்ல இழுவை. அதை மாட்டினால் வண்டி குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகவே போனது. வைப்பர் மோட்டார் ஒரே திசையில் சுற்றுவதற்குச் செய்தது, எதிர்த் திசையில் சுற்றச் சொன்னால் மந்தமாகிவிடும். நான் இரண்டையும் எதிரெதிராக மாட்டித் தொலைத்திருந்தேன். ஒரே பக்கம் பார்க்க வைத்து, ஒன்றுக்குச் சைக்கிள் செயின் போட்ட பிறகுதான் நேராக ஓடியது.

கடைசியில் ஃபியூஸ் போட்டேன். சேற்றில் டேங்கின் சக்கரப் பட்டை சிக்கிக்கொண்டால் மோட்டார் சுற்ற முடியாமல் கரண்ட்டை இழுத்து, காயில் கருகிவிடும்.

“இத்துனூண்டு கம்பி இன்னா மாமா பண்ணும்?” என்று கேட்டான்.

கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னேன். “மலிவானது மொதல்ல போவும்டா. ஒசத்தியானது பொழைச்சிக்கும்.”

அவன் சிரித்தான். டேங்கின் வாலில் நைலான் கயிறும் கட்டிக் கொடுத்தேன். வழியில் நின்றுபோனாலும் மேலே இருந்தே இழுத்துக்கொள்ளலாம்.

டேங்க் நன்றாகவே வேலை செய்தது. ஒரு குழியில் பழைய மெத்தை அடைத்துக்கொண்டிருப்பதைக் காட்டிக் கொடுத்தது. காண்ட்ராக்ட் மேஸ்திரி அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். மச்சானுக்கு ஒரு கையுறை வாங்கித் தராத ஆள், மழை தூறியதும் டேங்குக்குத் தார்ப்பாய் போட்டான். என் மனைவியோ தம்பி இனிமேல் இறங்க மாட்டான் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஒரு நாள் மதியம் மச்சான் போன் செய்தான். “டேங்கு உள்ள நின்னுட்ச்சு மாமா, வா.”

ஃபியூஸ் போயிருக்கும் என்று ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கண்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. வளைவில் கயிறு தட்டுகிறது என்று மேஸ்திரி முன்பே அதை அவிழ்த்துப் போட்டிருக்கிறான். மறுநாள் அதிகாரிகள் மெஷினைப் பார்க்க வருவதாக இருந்ததாம். “உங்க மாமா செஞ்சதுதானே, நீயே எறங்கி கயிறு கட்டி வுடு” என்று மச்சானை உள்ளே அனுப்பிவிட்டான். அவன் இறங்கவே கூடாது என்று செய்த டேங்கை எடுக்க அவனையே இறக்கியிருக்கிறார்கள்.

நான் போனபோது கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சேறு சொட்டச் சொட்ட டேங்க் மேலே வந்தது. மேஸ்திரி குனிந்து எங்காவது உடைந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான்.

“எங்கடா என் மச்சான்?” என்று கத்தினேன். கீழேயிருந்து சத்தமே இல்லை. கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, விஷவாயு தாக்கி அங்கேயே மயங்கி விழுந்திருக்கிறான்.

கூட வேலை செய்த ஒருவர் ஈரத் துண்டை முகத்தில் சுற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தானும் சாகத் துணிந்து இறங்கினார். அவர்தான் என் மச்சானை உயிரோடு மேலே அனுப்பினார். அவரைக் கும்பிடாத நாள் இல்லை.

மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தான். மச்சான் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்க, என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “மோட்டாரு பூட்ச்சா? நாளைக்குள்ள ரெடி பண்ணித் தருவியா?” என்றான். என் மனைவி கையைப் பிடிக்காவிட்டால் அவனை அடித்திருப்பேன்.

டேங்கைக் கடைக்குக் கொண்டுவந்து புது ஃபியூஸ் போட்டேன். எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. காயிலில் கருகல் வாடைகூட இல்லை. கடைக்குள் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒரு திருகு விடாமல் பிரித்துப் போட்டேன்.

மச்சான் இப்போது ஹவுசிங் போர்டு படிகளில் மாடிக்கு மாடி உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் வீட்டுக்கு ஏறுகிறான். அந்த வேலைக்குத் திரும்பப் போகவில்லை. வேறு வேலைக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

ஃபியூஸ் எதற்கு என்று இன்றும் கடையில் யாராவது கேட்கிறார்கள். காயில் கருகாமல் இருக்க என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். அந்தப் பழைய பதில் எனக்கு வாயில் வருவதில்லை, ஏனென்றால் இந்த ஊரில் எதை மலிவென்று வைத்திருக்கிறார்கள் என்பதை அந்தக் குழியோரம் நின்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.