வைத்த இடத்தில் நிற்காத சக்கரம்

எங்கள் கம்பெனியின் தரைச்சக்கரப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருப்பது என் மகள். பட்டுப்பாவாடை கட்டி, சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். படம் எடுத்தபோது அவளுக்கு ஐந்து வயது. வீட்டுப் பிள்ளையின் படத்தைப் பெட்டியில் போட்டால் ராசி என்று பெரியத்தான் சொல்லிவிட்டார். பெரியத்தான் என்றால் என் கணவரின் அண்ணன். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், கரிசல் காட்டு நடுவே இருக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியை நடத்துகிறவர். நான் விருதுநகரில் இயற்பியல் டீச்சர். பதினொன்றாம் வகுப்புக்கு வட்ட இயக்கம் நடத்தியே தொண்டை போனவள். வகுப்பில் நான் சொல்வதைப் பிள்ளைகள் எழுதியாவது வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அதுகூடக் கிடையாது.

போன சீசனுக்கு முன்னால், சக்கரத்தின் நடுவில் செருகுகிற பிளாஸ்டிக் முனையைப் பெரியத்தான் புது இடத்தில் வாங்க ஆரம்பித்தார். சக்கரம் தரையில் நிற்பதே அந்த முனையின் மேல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் போனபோது அந்த முனை செருகிய சக்கரம் ஒன்றை எடுத்து மேசையில் நிறுத்திப் பார்த்தேன். எப்படித் திருப்பி வைத்தாலும் சக்கரத்தின் அதே பக்கம்தான் சாய்ந்தது. வேறு நாலைந்தும் அப்படியே. நடு என்று வைத்த முனை நடுவில் இல்லை.

"அத்தான், இது நிக்காது. ஓடும்" என்று அது சாய்கிற பக்கத்தைக் காட்டினேன்.

அவர் சிரித்தார். வெளியே சோதனைக்கென்று போட்டிருக்கிற சிமெண்டுத் தளத்தில் ஒன்றைக் கொளுத்தச் சொன்னார். லேசாக நடுங்கியதே தவிர, அது அங்கேயே சுற்றி அடங்கியது.

"பாத்தியாம்மா டீச்சரு? வச்ச எடத்துலயே சுத்துது. இன்னும் என்ன?"

"இது சொரசொரப்பான தளம் அத்தான். வழவழன்னு இருக்கிற தரையில வச்சுப் பாருங்க."

"அம்புட்டுப் பேரும் வழவழன்னு இருக்கிற தரையிலயா வைக்கப் போறாக? லோடு ஏறணும். நீ பள்ளிக்கூடத்தப் பாரு."

இதில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால், கல்லை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருப்பது கயிறு. கனம் முனையை விட்டு விலகிய சக்கரத்துக்குக் கயிறு கிடையாது. தரையின் உராய்வுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சுற்றுகிற வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடி நான்கு மடங்கு. ஆனால் வேகம் கூடுகிறதே என்று தரையின் பிடி கூடாது. பூமி அந்தச் சக்கரத்தைக் கீழே எவ்வளவு இழுக்கிறதோ, தரை எவ்வளவு சொரசொரப்போ, அவ்வளவுதான். அது போதாமல் போகிற நொடியில் சக்கரம் கிளம்பிவிடும். அன்று இரவு இதைத் தட்டையும் தம்ளரையும் வைத்து என் கணவருக்கு விளக்கினேன்.

"அண்ணனுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் பிடுங்கியிருப்பேன். லோடு ஏறிப் போனது.

தீபாவளிக்குப் பெரியத்தான் வீட்டில் கூடினோம். புது வீடு. போர்டிகோவில் முகம் பார்க்கலாம் போல கிரானைட். முதல் சக்கரத்தை எப்போதும் அவர்தான் கொளுத்துவார். என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. நான் சொன்னபடி தள்ளி, படிக்கட்டுப் பக்கம் நின்றாள். சக்கரம் முதலில் நல்ல பிள்ளையாகச் சுற்றியது. வேகம் ஏறியது. சட்டென்று வழுக்கிக் கிளம்பி, கார் டயரில் மோதித் திரும்பி, நேராகப் படிக்கட்டுக்கு வந்தது. படிக்கட்டுக்கும் அவள் காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சுற்றியது.

அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியது பெரியத்தான்தான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் அவர் உட்காரவே இல்லை. "எம்புள்ள, எம்புள்ள" என்று அழுதார். அந்த மனிதரிடம் அப்போது என்ன சண்டை போடுவது? இனி முனையை மாற்றிவிடுவார் என்று நம்பினேன். அவள் கால் வெந்ததற்கு அந்த ஒரு நியாயமாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

கார்த்திகைக்கு முன்னால் அவர் வீட்டுக்குக் கொத்தனார் வந்தார். போர்டிகோ கிரானைட்டை உளி வைத்துக் கொத்திச் சொரசொரப்பாக்கினார்.

"தரதான் மோசம்மா. வழுக்குது" என்றார் பெரியத்தான்.

"முனையை மாத்துங்க அத்தான்."

"அது மாத்திக்கிடலாம். இருக்கிற சரக்கு தீரட்டும்."

சரக்கு தீரவில்லை. தை மாதம் புதுப் பெட்டிக்கான படம் அச்சகத்திலிருந்து அவருக்கு வந்து, அவரிடமிருந்து என் போனுக்கு வந்தது. 'வழவழப்பான தரையில் வைக்க வேண்டாம். தள்ளி நிற்கவும்' என்று கீழே சிவப்புப் பட்டையில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். டீச்சர் இல்லையா, எழுத்துப் பிழை பார்த்துத் தர வேண்டுமாம். மேலே அதே ஐந்து வயது முகம், அதே சிரிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் சக்கரம்.

மகள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "என் கால் மேலயே எழுதிட்டாங்கம்மா" என்றாள்.

சிவப்புப் பட்டை அவள் பாதங்களை மூடியிருந்தது. நான் பெரியத்தானைப் போனில் கூப்பிட்டேன்.

"தப்பு இருக்கு அத்தான்."

"எங்கன?"

"சக்கரம் எங்க சாயுதுன்னு அன்னைக்கே காட்டினேனே, அங்க. அப்புறம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, எம்பிள்ளைய அதுக்குப் பக்கத்துலயே உக்கார வச்சிருக்கீக."

போனில் அவருக்குப் பின்னால் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது.

"எழுத்துல ஒண்ணும் இல்லைல்ல? அப்ப அச்சுக்குக் குடுத்துருதேன்" என்றார்.