முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம்

திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் எனக்கு அங்கே ஆசிரியை வேலை கிடைத்தது. திருப்பதி வீட்டைக் காலி செய்யும் நாளில், யாத்திரிகர் கூட்டம் சேருமுன் வேன் தேர்வீதியைத் தாண்டிவிட வேண்டும். அதைத்தான் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சாமான்களோடு நின்றார் நைனா, என் அப்பா.

"முன்னால ஒரு ஆளுதான் டீச்சரம்மா. நீங்க குந்துங்க. பெரியவரு சாமானோட வரட்டும்."

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் சித்தூருக்குக் குடிபோனார். மாட்டுவண்டியில் இடமில்லை என்று சாய்வு நாற்காலியை நைனாவின் தலையில் ஏற்றினார்கள். நாய்க்கு மட்டும் வண்டியில் இடமிருந்தது, வைக்கோல் மெத்தையோடு. புழுதியைத் தின்றபடி நைனா பின்னால் நடந்தார். நான் கூடவே ஓடினேன். சித்தூரில் இறக்கியதும் நைனா தொட்ட நாற்காலிக்கு அந்த வீட்டம்மாள் மஞ்சள்நீர் தெளித்தாள். ஈரம் காயுமுன் நாய் அதில் ஏறிப் படுத்தது. அதற்குத் தீட்டில்லையாம். அடுத்தவன் கழுத்தொடியச் சுமந்த நாற்காலியில் சாய்ந்துகொள்ள வெட்கப்படாத அந்தக் கூட்டத்தைத்தான் ஊரே 'பெரியவர்கள்' என்றது.

"ஆமாம்மா, நான் பின்னாலயே வரேன். அண்டா உருளும்" என்றார் நைனா.

"நீ முன்னால குந்து நைனா. அண்டாவ நான் புடிச்சிக்கினு வரேன்."