எங்களுக்கு முன்னால் போன அப்பா

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நான் இலங்கையைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்றும் நம்ப மாட்டார்கள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் குத்தகைக்கு உழுத ஒருவரின் மகள், திருவாரூர்த் தேரையே ஒரே முறை பார்த்தவள், கப்பலேறிப் போய்க் கண்டியும் திரிகோணமலையும் பார்த்தாள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்களை அனுப்பிவைத்தவர் நாங்கள் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார். செலவும் அவருடையதுதான்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அறுவடைக் கூலித் தகராறில் களத்தில் ஒரு சண்டை நடந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்க, உள்ளூர்க்காரர்கள் சிவப்புக் கொடியோடு வந்து மறித்தார்கள். அந்த அமளியில் மிராசுதாரின் தம்பி அரிவாள் வெட்டுப்பட்டு இறந்துபோனார். வெட்டியது என் சித்தப்பா என்றார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் சித்தப்பா காணாமல் போனார். கோடியக்கரையில் தோணி ஏறி அக்கரைக்கு, இலங்கைக்குப் போய்விட்டதாகப் பேச்சு. எங்கள் வீட்டில் அவருடைய படமும் கிடையாது, அவரைப் பற்றிய பேச்சும் கிடையாது.

பிறகு ஆட்சி மாறியது. உழுகிறவனை நிலத்தைவிட்டு யாரும் இறக்க முடியாது என்று மேடை போட்டுப் பேசினார்கள். அந்த மேடையின் முன்வரிசையில் மிராசுதாரும் கறுப்பு சிவப்புக் கரைத்துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் தம்முடைய அரிசி மில்லுக்கு அப்பாவை வரச் சொன்னார். நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"ஒந்தம்பிய ஒருதடவ நேர்ல பாக்கணும்ப்பா, அவ்வளவுதான். நடந்தது நடந்துபோச்சு. எங்க இருந்தாலும் நீ கூப்பிட்டா வருவான். கூட்டிக்கிட்டு வா, நெலத்த ஒம்பேருக்கே எழுதி வச்சிடறேன்."

"கெடைக்கலேன்னா என்னங்க அய்யா?"

"அடுத்த நடவுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதையும் கூட்டிக்கிட்டுப் போ. புள்ளையோட போறவன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினோம். கரையோரம் இருந்த தேநீர்க் கடையில் நுழைந்ததும் கடைக்காரர் அப்பாவைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"என்ன அண்ணன், ஒரு வருசமா ஆளையே காணேல்ல? மகளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டீங்களோ?"

அப்பா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "போன தடவ நான் இங்கேருந்து எங்க போறதாச் சொன்னேன்?" என்று கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். "நல்ல கேள்வி. அநுராதபுரத்தில குளம் வெட்டுற வேலை இருக்கு எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்!"

அப்பா நாகப்பட்டினத்தைத் தாண்டிப் போனவர் இல்லை. போன வருடம் முழுக்க அவர் எங்களோடு நடவிலும் அறுப்பிலும் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் இங்கே வந்து டீ குடித்துவிட்டுப் போனது யார்? ரயிலில் ஏறியதும் கேட்டேன்.

"அப்பா, நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

"ஆள் தெரியாமப் பேசறாரு பாப்பா. நீ தூங்கு."

அநுராதபுரத்தில் வழிப்போக்கர்கள் தங்கும் ஒரு மடத்துக்குப் போனோம். வாசலில் படுத்திருந்த செம்பட்டை நாய் அப்பாவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. முன்னங்கால்களை அவர் இடுப்பில் வைத்து முகர்ந்தது. முகர்ந்தபடியே நின்றது. பிறகு வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து போய், சுவரோரம் நின்று அவரைப் பார்த்து ஊளையிட்டது. நல்ல வெயில் நேரம். மடத்துக்காரர் நாயைக் கல்லால் அடித்து விரட்டிவிட்டு, "ஒங்க கையால சோறு தின்ன நாய், அதுக்கு என்ன வந்திச்சோ?" என்றார். அப்பா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். நான் எங்கே போவதாகச் சொன்னேன்? கண்டிக்கு, என்றார் அவர். மழைக்கு முன்னால் போனீர்களே.

நாங்கள் போகும் இடத்துக்கெல்லாம் எங்களுக்கு முன்னால் இன்னொரு அப்பா போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. அவருக்கு என் அப்பாவின் முகம், என் அப்பாவின் குரல். ஆனால் வாசனை மட்டும் வேறு. அப்பா தூங்கும்போது மெல்ல அவர் தோளை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். சேறும் பீடியும் கலந்த வாசனை வந்த பிறகுதான் கண்ணை மூடுவேன்.

சித்தப்பாவைத் தேடி வந்ததையே நான் மறந்துபோனேன். அப்பாவும் யாரிடமும் சித்தப்பா பெயரைச் சொல்லி விசாரிக்கவில்லை. எல்லாரிடமும் தன்னைப் பற்றியேதான் விசாரித்தார்.

கண்டியில் சாப்பாட்டுக் கடைக்காரர் இலை போட்டுக்கொண்டே, "என்னங்க, முந்தாநாள்தான அட்டன் ரயிலுக்குப் போனீங்க? அதுக்குள்ள திரும்பிட்டீங்க?" என்றார். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஒரு வருடம், ஒரு மழைக்காலம், இப்போது முந்தாநாள். அந்த இன்னொருவரை நாங்கள் நெருங்கிக்கொண்டிருந்தோம். அப்பாவின் கண்களில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கோ எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

கண்டி ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் ஊர் மில்லில் நெல்லை எடை போடுகிறவர். நம் ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தாரே என்ற சந்தோஷத்தில், "அப்பா, மில்லு மாமா!" என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அந்த மாமா எங்களைத் தெரியாதவர்போல நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் வந்ததும் எங்களுக்கு அடுத்த பெட்டியில் ஏறினார்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். சாப்பாட்டுக் கடையில் பார்த்த சந்தோஷம் அவர் முகத்திலிருந்து துடைத்தெடுத்ததுபோலப் போயிருந்தது.

ரயில் மலையில் ஏறியது. தட்டையான வயலை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். நிலம் எழுந்து நிற்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அட்டன் வந்தது. அப்பா இறங்கவில்லை.

"எறங்கணும்னீங்களே?"

"வேணாம். சும்மா ஊரு சுத்திப் பாப்போம்."

அதற்கும் மேலே ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் ரயிலுக்காகக் காத்திருந்தோம். மழையும் பனியும் சேர்ந்து பகலையே மங்கலாக்கியிருந்தன. எல்லாப் பெட்டிகளிலும் கண்ணாடியை இறக்கிச் சாத்தியிருந்தார்கள். எதிர் ரயில் மெதுவாக வந்து எங்களை ஒட்டி நின்றது. கைநீட்டினால் தொட்டுவிடலாம்.

எதிர்ப் பெட்டியின் ஜன்னலில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அதே நெற்றி, அதே மீசை. இந்தப் பக்கம் இருந்த அப்பா அசையாமல் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்தவரும் அசையாமல் பார்த்தார். பிறகு அவர் சட்டென்று எழப்போனார். அப்பா கையைக் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். அவரும் மெல்லத் தன் கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தார். அப்பா தலையை ஆட்டவில்லை. அவர் ஆட்டினார். அதற்குள் எதிர் ரயில் நகர்ந்துவிட்டது. அந்த முகம் மழைக்குள் கரைந்துபோனது.

அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "யாருப்பா அது?"

"கண்ணாடிம்மா. எதிர் ரயில் கண்ணாடில நாமதான் தெரிஞ்சோம்."

"நான் தெரியலையேப்பா?"

அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ குள்ளம் பாப்பா. எட்டல."

அதற்குப் பிறகு நாங்கள் உண்மையிலேயே ஊர் சுற்றினோம். பதுளையில் அருவி பார்த்தோம். பஸ் மாறி மாறி மட்டக்களப்புக்குப் போய்க் காயலில் படகு ஓடுவதைப் பார்த்தோம். திரிகோணமலையில் கோயிலுக்குப் போய்ப் பாறைமேல் நின்று கடலைப் பார்த்தோம். அப்பா எனக்கு அன்னாசிப் பழம் வாங்கித் தந்தார். எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் எப்போதும் மில்லு மாமாவும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த ஊர்களில் யாருமே அப்பாவை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. திரும்பி வந்துவிட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்னால் போனது எங்களை விட்டு விலகிவிட்டது என்று எண்ணிச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

ஊருக்கு வந்த மறுநாளே மிராசுதார் கூப்பிட்டனுப்பினார். மில்லு மாமா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். மிராசுதார் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பக்கத்தில் நிறுத்தி, கன்னத்தை வருடினார்.

"சித்தப்பாவப் பாத்தியா கண்ணு?"

"இல்லீங்க."

"ரயில்ல யாருக்கோ ஒங்கப்பா கையக் காட்டினாராமே? இவரு பாத்திருக்காரு. கையி மட்டும் தெரிஞ்சிச்சாம், எதிர்ல இருந்த ஆளு தெரியலியாம்."

"அது கண்ணாடிங்க. அப்பா தனக்கேதான் கையக் காட்டினாங்க."

மில்லில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மிராசுதார் சிரிக்கவில்லை. என் கண்களையே பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைத்தானே சொன்னேன்? கண்ணாடியில் நான் மட்டும் தெரியவில்லை, அது ஏன் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். பெரிய மனிதர், தெரிந்திருக்கும். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது நடுங்கியது. மலைக்குளிர் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

"புள்ள பொய் சொல்லல," என்றார் மிராசுதார். "போங்க."

அடுத்த நடவுக்கு நிலம் வேறொருவர் கைக்குப் போனது. அப்பா வேளாங்கண்ணிப் பக்கம் சவுக்குத் தோப்பில் காவல் வேலைக்குப் போனார். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருப்பார்கள் என்று அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது.

மில்லிலிருந்து திரும்பிய அன்று, வாய்க்காலில் இறங்கி அப்பா முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு ஈரத்தைத் துடைக்காமல் என்னைக் கேட்டார்.

"பாப்பா, ரயில்ல பாத்தமே, அவரு எப்படி இருந்தாரு? நல்லாத்தான இருந்தாரு?"

"இளைச்சிருந்தீங்கப்பா," என்றேன்.

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு அழுதார். இளைத்ததற்காக ஒருவர் இப்படியா அழுவார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.