ஆனியிலேயே நின்ற கம்ப்யூட்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்ற படிப்பு. நடுவில் சிலது மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் அடிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் பெருக்கி, டீ போடுகிறேன். என் மகள் அங்கேயே ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஆர்டர்கள் இனி வெப்சைட் வழியாக வரட்டும் என்று முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் சர்வர் போட்டு, வருகிற போகிற தகவலை வேறு யாரும் படிக்காதபடி பூட்டுவது மகளின் வேலை. சாயங்காலத்துக்குள் சரியாக வராவிட்டால் மெட்ராஸ் ஆளை வைத்துக்கொள்வேன், நீ வேலையை விட்டு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்.

பூட்டுக்கான சர்டிபிகேட்டைப் போட்டாள். அதே கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்தால் சிவப்பாக எச்சரிக்கை. சர்டிபிகேட்டுக்கான சாவி மாறிவிட்டதோ என்று இரண்டையும் ஒத்துப் பார்த்தாள், ஜோடி சரி. எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே சிவப்பு. தன் போனில் பார்த்தாள். பூட்டுப் படத்தோடு அழகாகத் திறந்தது.

"இன்னாமா, உன் போன்ல ஓடறதுக்கா நான் இத வாங்கனேன்?" என்றார் முதலாளி.

மகள் எச்சரிக்கையை நிதானமாகப் படித்தாள். பிறகு கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். கம்ப்யூட்டர் வந்து இறங்கியது ஆடி பிறந்த பிறகு. ஆடியில் புதுசு தொடங்கக் கூடாதே! அதனால் முதலாளி தேதியை ஆனி முகூர்த்த நாளுக்குத் திருப்பி வைத்துத்தான் பொட்டு வைத்து, சூடம் காட்டியிருந்தார்.

"சார், சர்டிபிகேட் இன்னைக்கி வாங்கனது. கம்ப்யூட்டர் ஆனியில கீது. இன்னும் பொறக்காத சர்டிபிகேட்டுன்னு தள்ளுது. தேதிய மாத்தினா போதும்."

"ஆடில தொடங்க சொல்றியா? வேற வழி பாரு. முடியலன்னா கெளம்பு."

அவள் முகம் சுண்டிப்போனது. நான் டீயை வைத்துவிட்டுத் தலை குனிந்து போகிறவள். அன்று போகவில்லை.

"ஆடின்னு சொல்லி வாஷர் அடிக்கறத நிறுத்தினீங்களா சார்? எங்களுக்கு லீவு உட்டீங்களா? அவ வேலய சரியா செஞ்சிகீறா. தேதிய மாத்துங்க."

"ஆயா, நீ டீய பாரு. எதுனா ஆச்சின்னா?"

"என் தலையில உழட்டும். அவள வெளிய அனுப்பினா, நாளையிலிருந்து டீயும் நீங்களே போட்டுக்கினு குடிங்க."

வாஷர் அடிக்கும் பிரஸ் மிஷின் பக்கம் யாரோ சிரித்தார்கள். மகள் அவர் பதிலுக்குக் காத்திராமல் தேதியைத் திருத்தினாள். சிவப்பு போய்விட்டது. முதலாளி எழுந்து சாமி படத்துக்கு இன்னொரு சூடம் ஏற்றினார். கிளம்பு என்று மறுபடி சொல்லவில்லை.

சர்வர் சமாசாரத்தில் நான் எதையாவது மாற்றி எழுதியிருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். நான் பேசியதை மட்டும் திருத்த வேண்டாம்.