பேப்பரோடு மாற்றிய ஸ்டாம்பு

தண்ணீரில் ஊறிய தபால்தலையிலிருந்து எழும் பழைய பசை வாடை எனக்கு இன்றும் ஆகாது. ஓசூர் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு வெளிநாட்டுக் கடிதங்கள் வரும். காலி உறைகளை எனக்கென்று கொண்டுவருவார். ஏழாம் வகுப்பில் ஸ்டாம்பு சேர்த்த நாங்கள் ஐந்து பெண்களும் அதை உறையிலிருந்து கத்தரித்து, ஒட்டியிருக்கும் காகிதத்தோடேயே மாற்றிக்கொள்வோம். 'பேப்பரோட' கொடுத்தால் பழுதில்லை என்று அர்த்தம். யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அந்த நம்பிக்கையில்தான் நான் கைவைத்தேன். ஜெர்மனி ஸ்டாம்பு ஒன்றை அவசரத்தில் பிய்த்தபோது அதன் மூலை கிழிந்துபோனது. ஸ்டாம்பையும் மூலையையும் வேறோர் உறைத் துண்டின்மேல் சோற்றுப் பருக்கையால் கச்சிதமாகச் சேர்த்து ஒட்டி, எங்களில் உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும் மஞ்சுளாவின் தலையில் கட்டி, அவளுடைய நான்கு பட்டாம்பூச்சி ஸ்டாம்புகளை வாங்கிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

"ஞாயித்துக்கிழம எல்லாத்தயும் ஊறப்போடறேன், நீயும் வாடி" என்று அவள் கூப்பிட்டபோதுதான், தண்ணீர் பட்டால் மூலை தனியே வந்துவிடும் என்று உறைத்தது. போகாவிட்டால் சந்தேகப்படுவாள், போனால் கையும் களவுமாகப் பிடிபடுவேன்; அப்புறம் மற்ற நான்கு பேரில் ஒருத்தியும் என்னோடு பேசமாட்டாள். "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

அவள் வீட்டில், பாவாடையைக் கசக்கிப் பிடித்தபடி பேசினின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஊறிய ஸ்டாம்பை மஞ்சுளா காகிதத்திலிருந்து மெல்ல உரித்தாள். மூலை தனியே மிதந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நாந்தான் இழுத்துக் கிழிச்சிட்டேன். உங்கப்பா ஆசையா கொண்டாந்து குடுத்தது. கோச்சுக்காதடி" என்று கண் கலங்கினாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்துபோய், "பரவால்ல விடு. இனிமே பாத்து எடு" என்றேன்.

இப்போது கம்பெனிகளுக்கு அப்படிக் கடிதங்கள் வருவதில்லை. எங்கள் ஐவர் கூட்டமும் கலைந்துவிட்டது. மஞ்சுளா மட்டும் இன்னும் என் சிநேகிதி. போன மாதம் கிருஷ்ணகிரியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது தன் மகளிடம் என்னைக் காட்டி, "இவளோட ஸ்டாம்ப நான் கிழிச்சிட்டேன். ஒரு வார்த்த திட்டல தெரியுமா?" என்றாள். அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தது. வாயைத் திறக்க, அன்றைக்கு இருந்ததைவிட எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.